ஒரே மூச்சில் முப்பத்தொன்று

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. நடந்ததை மீன் வாங்க வந்தவர்களுக்குச் சொன்னேன், கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்குச் சொன்னேன், பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூடச் சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போச்சு. கேட்டுவிட்டுப் போகிறவர்களோ ஆளுக்கு ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு போய் வேறு கதையாக்கி விடுகிறார்கள். "எஸ்தருக்கு வாதம் அடிச்சிடுச்சாம், ஜெபத்துல அப்டியே எழுந்து நடந்துச்சாம்" என்று எங்கள் ஊர் கடப்பாக்கத்தில் ஒரு பேச்சு. "அந்தப் பொண்ணு சாமியே இல்லன்னு திரிஞ்சிகினு இருந்துச்சு, அதான் அடிச்சிட்டாரு" என்று இன்னொரு பேச்சு. ரெண்டும் பொய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு இருபத்தாறு வயது. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலை. என் அப்பா சாமுவேலை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கரையில் மீன் ஏலம் விடுகிறவர். அவர் "ஒரு தரம்" என்று குரலெடுத்தால் ஆலம்பரைக் கோட்டைக்குக் கேட்கும் என்பார்கள். கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறார்கள்தான், ஆனாலும் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தக் குரல் எங்கள் சபையிலும் பிரபலம். தகரக் கூரை போட்ட சின்ன பெந்தெகொஸ்தே சபை. ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். ஆண்டவர் தனக்கு என்ன செய்தார் என்று விருப்பமுள்ளவர்கள் எழுந்து மைக்கில் சொல்ல வேண்டும். பாஸ்டர் ஐயா கேட்டு முடிப்பதற்குள் நைனா எழுந்து நிற்பார். நானும் சளைத்தவள் இல்லை. பதினைந்து வயதில் இதே கடலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவள். கஞ்சிரா மாதிரி இருக்கும் தம்புருவை அடித்துப் பாடினால் முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளும்.

எனக்குப் பதினெட்டு வயதானபோது சபையில் மூன்று நாள் உபவாசக் கூட்டம் நடந்தது. நைனாவுக்கு அப்போது ஆறேழு வருஷமாகச் சர்க்கரை வியாதி. கடைசி நாள் அவர் மைக்கை வாங்கி, "எனக்கு சுகர் இல்ல! இந்த நிமிஷத்துலருந்து இல்ல!" என்று முழங்கினார். எங்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இன்னும் நடக்காததை நடந்துவிட்டதாக முன்கூட்டியே வாயால் சொல்வது, அதுதான் விசுவாச அறிக்கை. சபையே அல்லேலூயா என்று எழுந்து நின்றது. நானும்தான் நின்றேன், கன்னத்தில் தண்ணீர் வழிய. ஆராதனை முடிந்ததும் நைனா நேராகக் கரைக்குப் போய் மாத்திரை டப்பாவைக் கடலில் வீசிவிட்டு வந்தார்.

நியாயமாகச் சொல்கிறேன், மாத்திரையை நிறுத்து என்று பாஸ்டர் சொல்லவில்லை. நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நைனாவால் திரும்பிப் போக முடியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை சர்க்கரை மாத்திரைக்கு நிற்கிற வரிசையில் பாதிப் பேர் எங்கள் சபைக்காரர்கள். அத்தனை பேர் முன்னால் அந்தக் குரலில் அறிக்கை செய்துவிட்டு, அவர்களுக்குப் பின்னால் போய் எப்படி நிற்பது? மானம் போய்விடும். செருப்பு கடித்த புண்ணை வேட்டிக்குள் மறைத்து மறைத்து, நாங்கள் பார்த்தபோது பாதமே கறுத்திருந்தது. அந்த வருஷமே இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

பார்க்க வந்த பாஸ்டரிடம் நான் கேட்டேன்: "ஐயா, அன்னிக்கு சுகம் ஆயிடுச்சுன்னு சொன்னாரே, அது இன்னா ஆச்சு?" அவர், "விசுவாசத்துல எங்கியோ ஒரு கொற இருந்திருக்கும்மா" என்றார். கட்டிலில் கிடந்த நைனா ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில்தான் எனக்கு எல்லாம் விட்டுப் போயிற்று. காலையும் கொடுத்துவிட்டுப் பழியையும் வாங்கிக்கொண்டால்தான் ஆண்டவர் என்றால், அப்படிப்பட்ட ஆண்டவர் எனக்கு வேண்டாம் என்று வீட்டில் கத்தினேன். பைபிளைப் பரணில் ஏற்றினேன். வேலைக்குச் சேர்ந்ததும் மேனேஜரிடம் ஞாயிற்றுக்கிழமை டூட்டியை எனக்கே போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எட்டு வருஷம் அப்படிப் போனது. நைனாவும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் "சாப்டியா", "குடை எடுத்துகினு போ" அவ்வளவுதான். செயற்கைக் காலோடு அவர் மறுபடி ஏலம் விடப் போனார், மாத்திரையும் ஒழுங்காகப் போட்டார், சபையில் வேறு சாட்சிகளும் சொன்னார். அந்த ஒரு சாட்சியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராதா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சாமியிடம் இருந்த வழக்கு முழுக்க அந்த ஒரு வார்த்தையில்தான் தொங்கியது.

இப்போது என் உடம்புக்கு வருகிறேன். முதலில் மூன்று நாள் வயிற்றுப்போக்கு. அது நின்று பத்து நாள் கழித்துக் கால் விரல்கள் மரத்துப் போயின. ஷூ இறுக்கம் என்று நினைத்தேன். மறுநாள் ஓட்டல் மாடிப்படியில் ஏற முடியவில்லை. அதற்கடுத்த நாள் ஒரு விருந்தாளியிடம் சாவியை நீட்டும்போது முட்டி மடங்கி மேஜைக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆள் சாவியைத் தேடுகிறேன் என்று நினைத்து, "பரவால்ல, மெதுவா எடுங்க" என்றார்.

பக்கத்து கிளினிக்கில் சத்துக் குறைவு என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் சீப்பைத் தூக்கக் கையும் வரவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டதில் அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு அம்மா போனை என் மடியிலேயே போட்டுவிட்டாள். நேராகச் செங்கல்பட்டு அரசு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே சோதனைகள். முதுகுத் தண்டில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக நீர் எடுத்தார்கள். கை கால்களில் கம்பியை வைத்துக் குட்டி குட்டியாக ஷாக் கொடுத்து நரம்பில் சேதி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்தார்கள். பெரிய டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். நோயின் பெயர் கில்லன் பாரே. கிருமியோடு சண்டை போடப் புறப்பட்ட உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த நரம்பின் மேலுறையையே கடித்துத் தின்கிறது. மேல் ரப்பர் உரிந்த ஒயரில் கரண்ட் ஒழுங்காகப் போகுமா? அப்படித்தான். காலில் ஆரம்பித்து மேலே ஏறும். பெரும்பாலும் தானே இறங்கியும் விடும். "பயம் ஒண்ணே ஒண்ணுதான். மூச்சு விடுற தசைக்கு ஏறிடக் கூடாது" என்றார்.

அதைக் கண்காணிக்க ஒரு எளிய சோதனை. ஆழமாக மூச்சை இழுத்து, அந்த ஒரே மூச்சில் ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிற ஆளென்றால் முப்பதைத் தாண்டும். முதல் தடவை நான் இருபத்தெட்டு வரை போனேன். பார்வை நேரத்தில் வந்து நின்றிருந்த நைனா, பழக்க தோஷத்தில், "இருவத்தெட்டு, ஒரு தரம்" என்றார். என்னை எண்ணச் சொன்ன வார்டு நர்ஸ் கலா சிஸ்டர் சிரித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது இன்னா மீனா? போ நைனா அந்தாண்ட" என்றேன். அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஊசி மருந்து காப்பீட்டு அட்டையில் கிடைத்தது. அதற்கான தாளில் கையெழுத்து வாங்க நைனா செயற்கைக் காலோடு எத்தனை மாடி ஏறி இறங்கினார் என்று அம்மாதான் பிறகு சொன்னாள். முகம் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சத்து அது. ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். சபையில் ஆண்டவருடைய ரத்தம், ரத்தம் என்று தொண்டை கிழியப் பாடி வளர்ந்தவள் நான். அந்தப் பாட்டில் ஏதோ ஒரு அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது என்று தொங்குகிற மருந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது தோன்றியது. உடனே, சே, புத்தி கெட்டுப் போச்சு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அம்மா கூடவே இருந்தாள். என் தலையை மடியில் வைத்து ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து விடுவாள். பக்கத்துக் கட்டில் முனியம்மா அக்கா திருக்கழுக்குன்றத்துக்காரி, தண்டுவடத்தில் கட்டி. தன் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து என் நெற்றியில் வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து, "கோச்சிக்காத மேரி, எந்தச் சாமி சும்மா கீதோ அது வந்து பாக்கட்டும்" என்றாள். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. முனியம்மா அக்காவின் இட்லியில் ரெண்டை வாங்கி எனக்கு ஊட்டினாள்.

மருந்து ஏறத் தொடங்கிய பிறகும் எண் இறங்கியது. இருபத்து மூன்று. பத்தொன்பது. பதினாறு. மருந்து வேலை செய்ய நாளாகும் என்று டாக்டரம்மா சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் எண்ணும்போது நைனாவின் உதடும் கூடவே அசையும், சத்தமில்லாமல். ஏலத்தில் ஏறும் எண்ணை மட்டுமே பார்த்துப் பழகிய மனுஷன், இறங்கும் எண்ணைப் பார்த்து வெலவெலத்துப் போயிருந்தார். எனக்கும் பயம். உள்ளுக்குள் அப்படியொரு பயம். வெளியே யாருக்கும் காட்டவில்லை, அவ்வளவு திமிர் எனக்கு.

மூன்றாம் நாள் பார்வை நேரத்தில் பாஸ்டரும் சபையிலிருந்து நாலைந்து பேரும் வந்தார்கள். அப்போதுதான் எண்ணி முடித்திருந்தேன். பதிமூன்று. ஐ.சி.யூ.வுக்கு மாற்ற வேண்டும் என்று கலா சிஸ்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பாஸ்டர் நல்ல மனசோடுதான் வந்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நைனாவின் தோளைப் பிடித்து, "சாமுவேலு, தகப்பன் வாய்க்கு ஒரு வல்லம கீது. இப்பவே அறிக்க பண்ணு. என் மக சொகமாயிட்டான்னு சத்தமா சொல்லு. நாங்க ஆமென் சொல்றோம்" என்றார்.

வார்டே எங்களைப் பார்த்தது. நான் நைனாவைப் பார்த்தேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொன்னால் அதோடு தீர்ந்தது, உயிரோடு வந்தாலும் இந்த மனுஷன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

நைனா தோளிலிருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"மாட்டேன் ஐயா" என்றார்.

"இன்னா சாமுவேலு?"

"மாட்டேன். அவ சொகமாவல. பதிமூணு எண்ணறதுக்குள்ள மூச்சு முட்டுது, எங்கண்ணு முன்னால. ஒரு தடவ ஆவாதத ஆயிடுச்சுன்னு சொன்னேன். அது பொய். சொல்லசொல்லவே பொய்யின்னு எனக்குத் தெரியும், அன்னிக்கு சாய்ந்தரமே காலு எரிஞ்சிகினு இருந்துச்சு. அந்த ஒரு பொய்க்கு காலு போச்சு. பரவால்ல, அது என் காலு. அதோட இந்தப் பொண்ணும் என்னாண்ட பேசறத வுட்டுட்டா. இன்னொரு தடவ பொய் சொல்ல என்னால ஆவாது."

எட்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. வந்த நேரத்தைப் பாருங்கள், பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

தள்ளுவண்டி வந்தது. வண்டி கிளம்புமுன் நைனா என் காதோரம் குனிந்து ஜெபம் பண்ணினார். வழக்கமாக அவர் ஜெபம் எப்படி இருக்கும் தெரியுமா? "பரலோகத்தில் வீற்றிருக்கிற மகா பரிசுத்தமுள்ள பிதாவே, உம்முடைய பாதபடியில்" என்று சுத்தத் தமிழில் கால் மணி நேரம் போகும். அன்றைக்கு மீன் கரையில் பேசுகிற பேச்சிலேயே பேசினார், ஊரைக் கூட்டும் அந்தக் குரலை ஒரு பிடிக்குள் அடக்கிக்கொண்டு.

"ஆண்டவரே, எனக்கு பயமா கீது. இவள எனக்குக் குடு. குடுக்கலன்னா உன்னாண்ட சண்ட போடுவேன், பொய் மட்டும் பேச மாட்டேன். ஆமென்."

ஆமென் என்று நானும் சொன்னேன். உதடு மட்டும்தான் அசைந்தது. எட்டு வருஷத்தில் முதல் ஆமென்.

ஐ.சி.யூ.வில் ஆறு நாள் தொண்டைக்குள் குழாய் இருந்தது, மிஷின்தான் எனக்காக மூச்சு விட்டது. பேச முடியாது, கை அசையாது. ஒரு சிமிட்டு என்றால் ஆமாம், ரெண்டு என்றால் இல்லை. புத்தி மட்டும் முழுசாக முழித்திருந்தது. அந்தப் பேஜாரை யாருக்கும் விளங்கவைக்க முடியாது. மூக்கு அரித்தால்கூடச் சொறிய ஆளில்லை. வெளிச்சம் வரவில்லை, சத்தம் கேட்கவில்லை, எந்தத் தூதனும் வந்து நிற்கவில்லை, எல்லாரும் ஏமாறப் போகிறீர்கள். ரெண்டாம் நாள் நான் ஒன்றைக் கவனித்தேன். மனசுக்குள் யாரிடமோ பேசிக்கொண்டே இருக்கிறேன். முதலில் திட்டு. எங்கே போயிருந்தாய், அந்த மனுஷன் காலை வெட்டும்போது என்ன பண்ணிக்கொண்டிருந்தாய், அவர் பொய்க்கு ஆமென் சொன்னேனே, அப்போதாவது என்னை ஒரு தட்டுத் தட்டக் கூடாதா என்று. திட்டித் தீர்த்த பிறகு, கூடவே இரு என்று கேட்டேன். இல்லாத ஆளிடம் யாரும் இவ்வளவு உரிமையாகச் சண்டை போட மாட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. பதில் வந்ததா என்றால் வரவில்லை. ஆனால் தனியாக இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அம்மா அடுப்படியில் இருப்பது கூடத்தில் படுத்திருப்பவளுக்குத் தெரியுமே, அந்த மாதிரி. அழுதேன், துடைக்கக் கையில்லாமல் காது வரை நனைந்தது. கலா சிஸ்டர் மாற்று டூட்டியில் அங்கே வந்தவர், துடைத்துவிட்டு, "வலிக்குதா?" என்றார். ரெண்டு தடவை சிமிட்டினேன்.

மருந்து வேலை செய்தது. ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள். நைனா உள்ளே வந்து ஐந்து நிமிஷம் நிற்க அனுமதி. தவளை மாதிரிக் குரலில் நான் கேட்ட முதல் கேள்வி, "மாத்திர போட்டியா?" அவர் சட்டைப் பையிலிருந்து காலி அட்டையை எடுத்துக் காட்டினார். ரெண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பில் இருமல் வந்து சிஸ்டர் அவரை வெளியே அனுப்பிவிட்டார்.

அப்புறம் ஒரு மாதம் பயிற்சி. எழுந்து உட்கார ஒரு வாரம், நிற்க ஒரு வாரம். வராண்டாவில் நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு, நைனா டக் டக் என்று அவர் காலோடு. "யாரு மொதல்ல அந்தக் கதவ தொடறது" என்று பந்தயம். தோற்றுக்கொண்டே இருந்தேன், ஒரு நாள் ஜெயித்தேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, ஆண்டவர் மேல் ஆணையாக நான் சொந்தமாக ஜெயித்தேன். முனியம்மா அக்கா ஆபரேஷன் முடிந்து கட்டிலில் சாய்ந்தபடியே கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பைபிளைப் பரணிலிருந்து நானே இறக்கினேன். மேனேஜரிடம் ஞாயிறு டூட்டி வேண்டாம் என்றேன். முதல் ஞாயிறு சபைக்குப் போனோம். வாசலில் நைனா, "நீ சாட்சி சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "வேணாம் நைனா, எங்கிட்ட சொல்லிட்டியே, போதும்" என்றேன். "உங்கிட்டயா அன்னிக்கு சொன்னேன்? இவங்ககிட்டதான சொன்னேன்" என்றார்.

சாட்சி நேரம் வந்தது. நைனா மைக்கை வாங்கவில்லை, அவருக்கு எதற்கு மைக்.

"எட்டு வருஷம் முன்னாடி இதே எடத்துல நின்னு எனக்கு சுகர் போயிடுச்சுன்னு சொன்னேன். போவல. பொய் சொன்னேன். நான் இன்னிக்கும் மாத்திர போடறேன். நாளைக்கு செவ்வாக்கெழம வரிசைல என்னப் பாக்கலாம்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம, நாளன்னிக்கிதான் செவ்வா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை. தகரக் கூரையில் காக்கா நடப்பது கேட்டது. பெண்கள் பக்கத்தில் கடைசிப் பாயிலிருந்து, சபையைப் பெருக்குகிற தபித்தாள் அக்கா எழுந்து நின்றாள். முக்காடு பாதி முகத்தை மறைத்திருந்தது.

"பாஸ்டர், நானும் பிரஷர் மாத்திரய நிறுத்தி மூணு மாசமாவுது. இங்க சொல்லிட்டேனேன்னுதான். தல சுத்திகினே கீது."

பாஸ்டர் மைக்கை வைத்துவிட்டு அவள் பக்கம் வந்தார். பிறகு சொன்னார்: "நாளைக்கு நானே கூட்டிகினு போறேன் தபித்தாளு. எனக்கும் பிரஷர் பாக்கணும்." அவர் முகம் வெளிறியிருந்தது. அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் பெரும் பாதி போய்விட்டது. மீதி இன்னும் இருக்கிறது, மறைப்பானேன்.

"எஸ்தரு, உன் சாட்சி" என்றார்.

எழுந்து முன்னால் போனேன், வாக்கர் இல்லாமல். வீட்டில் எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டேன். கூட்டாத, குறைக்காத சாட்சி ஒன்றுதான் என்னிடம் இருந்தது. ஆழமாக மூச்சை இழுத்து ஆரம்பித்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. சபை ஒன்றும் புரியாமல் விழித்தது. பதிமூன்று வந்தபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இருபதில் தபித்தாள் அக்காவின் உதடு அசைந்தது. இருபத்தெட்டில் எல்லார் உதடும் அசைந்தது. முப்பத்தொன்றில் என் மூச்சு தீர்ந்தது.

நைனா எழுந்து நின்றார். ஆலம்பரைக் கோட்டைக்குக் கேட்டிருக்கும்.

"முப்பத்தொண்ணு! ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

ஆமென் என்றது சபை.